கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின்: மூன்று சோதனைகள், மூன்று விடைகள்

கேள்வி – நீர்க்காவலன்

வணக்கம். எங்கள் குடியிருப்பின் குடிநீர் ஏற்பாட்டைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு சில மாதங்களாக என்னிடம் இருக்கிறது. வேதியியலை நான் பள்ளியோடு விட்டுவிட்டேன். ஆகவே கேள்வியில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் மணல் வடிகட்டி வழியாக வந்து, டோசிங் பம்பு மூலம் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் சேர்க்கப்பட்டு, தொட்டியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் தங்கிய பிறகு வீடுகளுக்குச் செல்கிறது. தொட்டியின் வெளிவாயிலிலும், குழாய்ப் பாதையின் கடைக்கோடியில் உள்ள வீட்டுக் குழாயிலும் எஞ்சிய குளோரினை நாள்தோறும் அளந்து குறிப்பேட்டில் எழுதி வருகிறேன்.

தொட்டி வெளிவாயிலில் டிஜிட்டல் மீட்டர் லிட்டருக்கு 0.80 மில்லிகிராம் காட்டுகிறது. அதில் குழப்பம் இல்லை. கடைசிக் குழாயில்தான் சிக்கல். அங்கே அதே மீட்டர் 0.30 காட்டுகிறது. முன்பு இந்தப் பொறுப்பில் இருந்தவர் விட்டுச்சென்ற நிற ஒப்பீட்டுப் பெட்டியில் பார்த்தால் 0.2 என்றும் சொல்லலாம், 0.4 என்றும் சொல்லலாம். பார்ப்பவரைப் பொறுத்து மாறுகிறது. அந்த வீட்டுக்காரர் தாமே வாங்கி வைத்திருக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்போ முழுப் பூச்சியம் என்கிறது. நீரில் ஒரு நெடி இருப்பதாகவும் அவர் புகார் சொல்கிறார். நெடி இருந்தால் குளோரின் அதிகம் என்று பொருள், ஸ்ட்ரிப் பூச்சியம் காட்டினால் குளோரினே இல்லை என்று பொருள். இரண்டையும் ஒருவரே ஒரே மூச்சில் சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று இன்னொன்றும் கவனித்தேன். கடைசிக் குழாய் நீரில் மீட்டருக்கான சோதனை மாத்திரையைக் கரைத்து 0.30 என்று குறித்துக்கொண்ட பின், தொலைபேசி வந்ததால் குப்பியை மீட்டரிலேயே விட்டுவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பொத்தானை அழுத்தியபோது 0.36 காட்டியது. எந்த எண்ணை நம்புவது? கலக்கும் அளவைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?

மறுமொழி – துளிக்கணக்கு

நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மீட்டரும் பெட்டியும் டிபிடி முறையைப் பின்பற்றுபவை. 1957-இல் பேலின் என்ற வேதியியலாளர் வெளியிட்ட அந்த முறைதான் இன்று ஐஎஸ்ஓ 7393-2 என்ற சர்வதேசத் தர முறைக்கும் அடிப்படை. மாத்திரையில் உள்ள டிபிடி என்ற வேதிப்பொருள் கட்டற்ற குளோரினுடன் சேர்ந்தவுடன் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். மீட்டர் அந்த நிறத்தின் ஊடே ஒளியைச் செலுத்தி அளக்கிறது, பெட்டியில் உங்கள் கண் அளக்கிறது. கண்ணால் பார்க்கும்போது வெள்ளைப் பின்னணியும் பகல் வெளிச்சமும் இல்லையென்றால் 0.2-க்கும் 0.4-க்கும் வேறுபாடு தெரியாது என்பதில் வியப்பில்லை. ஆகவே அந்த இரண்டு கருவிகளும் உண்மையில் முரண்படவில்லை.

முதலில் நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் ஃப்ரீ குளோரின் என்று பேச்சில் சொல்லும் கட்டற்ற குளோரின் என்பது ஹைப்போகுளோரஸ் அமிலமும் ஹைப்போகுளோரைட் அயனியும் சேர்ந்தது. குளோரின் அம்மோனியாவோடும் நைட்ரஜன் உள்ள கரிமப் பொருள்களோடும் சேர்ந்து குளோரமின்களாகிவிட்டால் அது இணைந்த குளோரின். கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் அதற்கு மிகவும் குறைவு. இரண்டின் கூட்டுத்தொகை மொத்தக் குளோரின். ஒன்றாம் எண் மாத்திரை கட்டற்றதை மட்டும் காட்டுவதற்கானது. பொட்டாசியம் அயோடைடு அடங்கிய மூன்றாம் எண் மாத்திரையை அதே குப்பியில் சேர்த்து இரண்டு நிமிடம் பொறுத்தால் மொத்தம் தெரியும். மொத்தத்தைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. நெடிப் புகார் உள்ள இடத்தில் அதைத்தான் முதலில் கேட்பேன். நீச்சல் குளத்து நெடி என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் டைகுளோரமின், டிரைகுளோரமின் போன்றவற்றிலிருந்து வருவது. கட்டற்ற குளோரின் குறைந்த இடத்திலும் அது மூக்கில் ஏறும். ஆகவே அந்த வீட்டுக்காரர் சொன்ன இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடும்.

0.30 என்பது 0.36 ஆனதற்கும் இதில் விடை இருக்கிறது. கட்டற்ற குளோரின் டிபிடியோடு உடனே வினைபுரிந்து முடித்துவிடும். இணைந்த குளோரின் மெல்ல மெல்ல நிறத்தைக் கூட்டிக்கொண்டே போகும். எனவே மாத்திரை கரைந்த ஒரு நிமிடத்துக்குள் வாசித்துவிட வேண்டும். அதற்குப் பின் வரும் எண் கட்டற்ற குளோரினுக்கு உரியது அன்று. தொலைபேசிக்கு நன்றி சொல்லுங்கள். அது உங்கள் நீரில் இணைந்த குளோரின் இருப்பதற்கான குறிப்பைத் தந்திருக்கிறது.

எல்லோரும் தவறவிடும் ஒன்று: மொத்தக் குளோரினுக்குப் பயன்படுத்திய குப்பியைச் சரியாகக் கழுவாமல் அடுத்த சோதனைக்கு எடுத்தால், ஒட்டியிருக்கும் துளி அயோடைடே இணைந்த குளோரினைக் கட்டற்றதாகக் காட்டப் போதுமானது. இரண்டு சோதனைகளுக்கும் தனித்தனிக் குப்பிகள் வைத்துக்கொள்வதே நல்லது. மாத்திரையைக் கையால் தொடாமல் உறையிலிருந்து நேரே குப்பியில் போடுங்கள். குப்பியின் வெளிப்புறத்தில் விரல் ரேகையோ, குளிர்ந்த நீரால் வியர்த்த ஈரமோ இருந்தால் மீட்டர் அதையும் குளோரின் கணக்கில் சேர்த்துவிடும். ஒவ்வொரு முறையும் மாத்திரை போடாத அதே நீரை வைத்துப் பூச்சியம் செய்த பிறகே அளக்க வேண்டும்.

மறுமொழி – குழாயடி

இருபது ஆண்டுகளுக்கு மேல் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வக நண்பர் சொன்ன அனைத்தும் சரி. ஆனால் மீட்டருக்கு முன்னால் நடக்கும் தவறுகளே அதிகம் என்பது என் அனுபவம். நீரை எப்படிப் பிடிக்கிறீர்கள்? குழாய் முனையில் சல்லடை மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அது காற்றைக் கலந்து நுரைக்க வைக்கும், அதில் தேங்கிய படிவு குளோரினைத் தின்னும். குழாயை மெல்லத் திறந்து, குழாய்க்குள் தேங்கியிருந்த நீர் போய்ப் பொது வழி நீர் வரும்வரை ஓட விட்டு, குப்பியைச் சாய்த்துப் பிடித்து வழிய வழிய நிரப்புங்கள். நின்ற இடத்திலேயே அளந்துவிடுங்கள். அளவைக் குப்பியில் பிடித்து அலுவலகத்துக்கு எடுத்துச்சென்று அளப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெயில் பட்டால் குளோரின் வழியிலேயே பாதி போய்விடும். கிருமிச் சோதனைக்காக ஆய்வகம் தரும் மலட்டுப் புட்டியில் மட்டும் பிடித்துவிடாதீர்கள். குளோரினை முறிப்பதற்கென்றே அதில் சோடியம் தயோசல்பேட்டு இருக்கும். எந்த நீரும் பூச்சியமாகத்தான் காட்டும்.

டெஸ்ட் ஸ்ட்ரிப்பைப் பற்றி ஒரு சொல். அந்த உறையில் அச்சிட்ட வண்ண அட்டையைப் பாருங்கள். பூச்சியத்துக்கு அடுத்த கட்டம் 0.5 என்று இருந்தால், அந்தப் பட்டை பூச்சியம் என்று சொல்வதன் பொருள் "0.5-ஐ எட்டவில்லை" என்பது மட்டுமே. 0.3 அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதை வைத்துக் குளோரினே இல்லை என்று வாதிட முடியாது.

இன்னொரு கேள்வி. கடைசி வீட்டுக் குழாயின் சல்லடையையோ கழிவறைத் தொட்டியின் உட்புறத்தையோ திறந்து பார்த்தீர்களா? கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ வழுவழுப்பான படிவு இருக்கிறதா? ஆழ்துளைக் கிணற்று நீர் என்றவுடன் எனக்கு இது தோன்றியது. காரணத்தை நீங்கள் பார்த்துவிட்டு வந்த பிறகு சொல்கிறேன்.

மறுமொழி – புதியவன்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நானும் இதே போன்ற பொறுப்பில் இருக்கிறேன். மாத்திரை, குப்பி என்று இவ்வளவு தொல்லை எதற்கு? நீரில் முக்கினால் எண் காட்டும் டிடிஎஸ் பேனா ஒன்று போதாதா? ஓஆர்பி மீட்டர் என்று ஒன்றும் விற்கிறார்களே?

மறுமொழி – துளிக்கணக்கு

டிடிஎஸ் பேனா நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்த உப்புகளின் அளவை உத்தேசமாகச் சொல்கிறது. நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உப்புக்கு நடுவே அரை மில்லிகிராம் குளோரின் வந்தாலும் போனாலும் அதற்குத் தெரியாது. ஓஆர்பி மீட்டர் நீரின் ஆக்சிஜனேற்றத் திறனை மில்லிவோல்ட்டில் காட்டும். குளோரின் கூடினால் எண்ணும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றம் மடக்கை வழிப்பட்டது; குளோரின் கூடக் கூட எண் ஏறும் வேகம் குறைந்துகொண்டே போகும். பிஎச் மாறினாலே எண்ணும் மாறும். பம்பு நின்றுவிட்டதா என்று எச்சரிக்க அது உதவும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று குறிப்பேட்டில் எழுத உதவாது. குழாய்ப் பாதையிலேயே பொருத்தும் மின்முனைக் கருவிகள் தொடர்ந்து அளக்கக்கூடியவைதான். ஆனால் நீரின் ஓட்டம், வெப்பம், பிஎச் மூன்றும் அவற்றைப் பாதிக்கும். கடைசியில் அவற்றைச் சரிபார்க்கவும் டிபிடி குப்பியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பிஎச்சைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேள்வி கேட்டவருக்கும் ஒன்று. டிபிடி மாத்திரையில் உள்ள தாங்கல் உப்பு குப்பி நீரின் பிஎச்சை ஆறரைக்கு அருகே கொண்டுவந்துவிடும். எனவே உங்கள் நீர் பிஎச் 7-இல் இருந்தாலும் 8-இல் இருந்தாலும் மீட்டர் ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் குழாய்க்குள் நிலைமை வேறு. பிஎச் 7-இல் கட்டற்ற குளோரினில் ஏறத்தாழ முக்கால் பங்கு வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். பிஎச் 8-இல் அது கால் பங்காகச் சுருங்கிவிடும். குறிப்பேட்டில் குளோரினுக்குப் பக்கத்தில் பிஎச்சுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

மறுமொழி – நீர்க்காவலன்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை சொன்னபடியே செய்தேன். சல்லடையைக் கழற்றி, ஐந்து நிமிடம் ஓட விட்டு, இரண்டு தனிக் குப்பிகளில் அங்கேயே அளந்தேன். பிஎச் 7.4. கட்டற்றது என்று மீட்டர் காட்டியது மறுபடியும் 0.30; மொத்தம் 0.52. தொட்டி வெளிவாயிலில் கட்டற்றது 0.80, மொத்தம் 1.02. வீட்டுக்காரரின் ஸ்ட்ரிப் அட்டையையும் வாங்கிப் பார்த்தேன். ஆம், பூச்சியத்துக்கு அடுத்தது 0.5-தான்.

கழற்றிய சல்லடையை உள்ளங்கையில் தட்டியபோது கறுப்பான கசடு உதிர்ந்தது. விரலால் தேய்த்தால் மை போல ஒட்டிக்கொண்டு, சோப்பு போட்டும் ரேகைகளுக்கு நடுவே நின்றுவிட்டது. கழிவறைத் தொட்டியின் சுவரில் நீர்மட்டம் வரை அதே கறுப்புப் பூச்சு. இதை நான் பாசி என்று நினைத்திருந்தேன்.

மறுமொழி – குழாயடி

பாசி அன்று, மாங்கனீசு. நிலத்தடி நீரில் அது கரைந்த நிலையில், கண்ணுக்குத் தெரியாமல் வரும். சாதாரண மணல் வடிகட்டி அதை நிறுத்தாது. குளோரின் பட்டதும் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுப்பு ஆக்சைடாக மாறத் தொடங்கும். ஆனால் உங்கள் நீரின் பிஎச்சில் அது உடனே நடந்து முடியாது, மணிக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் தொட்டியில் தெரியாத கறுப்பு, கடைக்கோடி வீட்டில் போய்ப் படிகிறது. இப்போது உங்கள் 0.30-ஐயே நான் சந்தேகிக்கிறேன். ஆய்வக நண்பர் காரணத்தை என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்.

மறுமொழி – துளிக்கணக்கு

நண்பரின் சந்தேகம் நியாயமானது. கேட்காமல் விட்டது என் பிழை. டிபிடிக்குக் குளோரினைத் தனியாக அடையாளம் காணத் தெரியாது. தன்னை ஆக்சிஜனேற்றம் செய்யும் எதைக் கண்டாலும் சிவக்கும். புரோமின், அயோடின், ஓசோன், குரோமேட்டு, ஆக்சிஜனேற்றம் அடைந்த மாங்கனீசு என்று அந்தப் பட்டியல் நீளும். உங்கள் குழாயில் மிதந்து வரும் மாங்கனீசு ஆக்சைடு, மீட்டருக்குக் குளோரினாகத்தான் தெரியும்.

இதைப் பிரித்து அறிய ஒரு வெற்றுச் சோதனை உண்டு. கடைசிக் குழாய் நீர் 10 மில்லிலிட்டரை ஒரு குப்பியில் எடுத்து, லிட்டருக்கு 30 கிராம் வலிமையுள்ள பொட்டாசியம் அயோடைடு கரைசலில் மூன்று சொட்டு விட்டுக் கலந்து ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு லிட்டருக்கு 5 கிராம் வலிமையுள்ள சோடியம் ஆர்சனைட்டு கரைசலில் மூன்று சொட்டு விட வேண்டும். நீரில் உள்ள குளோரின் முழுவதும் அயோடைடை அயோடினாக்கிவிட்டுத் தான் மறையும்; அந்த அயோடினை ஆர்சனைட்டு முறித்துவிடும். ஆக, கட்டற்றதோ இணைந்ததோ, குளோரின் எதுவும் அந்தக் குப்பியில் மிஞ்சாது. மாங்கனீசு மட்டும் அப்படியே இருக்கும். அதன் பின் டிபிடி மாத்திரையைப் போட்டால் எழும் சிவப்பு முழுவதும் மாங்கனீசுக்கு உரியது. அந்த எண்ணை நீங்கள் முன்பு பெற்ற எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

சோடியம் ஆர்சனைட்டு கொடிய நஞ்சு. வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்யும் சோதனை அன்று இது. கையுறை அணிந்து, முடிந்தால் ஓர் ஆய்வகத்தின் துணையோடு செய்யுங்கள். சோதித்த நீரைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றாமல் பெயர் எழுதிய தனிப் புட்டியில் சேர்த்து வைத்து, ஆய்வகத்திடமே ஒப்படையுங்கள். குடிநீரைக் காக்கப்போய் ஆர்சனிக்கைக் கொட்டினோம் என்று ஆகிவிடக் கூடாது.

மறுமொழி – நீர்க்காவலன்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். ஆர்சனைட்டைக் கையாள எனக்குத் துணிவு வரவில்லை. ஆய்வகத்திலிருந்து ஒருவரை வரவழைத்து அவர் கையாலேயே, எங்கள் மீட்டரைக் கொண்டே, இரண்டு இடங்களிலும் செய்ய வைத்தேன். ஆர்சனைட்டு விட்ட குப்பியில் மாத்திரை கரைந்தவுடன் இளஞ்சிவப்பு எழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. குளோரினே இல்லாத நீர், இத்தனை நாள் நான் குளோரின் என்று எழுதிவந்த அதே நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

தொட்டி வெளிவாயிலில் மாங்கனீசால் வந்த எண் 0.04 மட்டுமே. கடைசிக் குழாயில் 0.22. அப்படியானால் அங்கே உண்மையான கட்டற்ற குளோரின் 0.08-தானா? மொத்தம் 0.30-தானா? கிணற்று நீரின் மாங்கனீசு அளவு லிட்டருக்கு 0.31 மில்லிகிராம் என்று அறிக்கை வந்திருக்கிறது.

மறுமொழி – துளிக்கணக்கு

கணக்கு சரி. கடைசிக் குழாயில் கட்டற்றது 0.08, மொத்தம் 0.30, இணைந்தது 0.22. மொத்தத்திலிருந்து கட்டற்றதைக் கழிக்கும்போது மாங்கனீசின் பங்கு இரண்டிலும் இருப்பதால் தானே நீங்கிவிடும். அதனால்தான் இணைந்த குளோரின் பற்றிய உங்கள் பழைய கணக்கு மட்டும் பிழைபடவில்லை. மாங்கனீசால் வந்த 0.22 என்ற எண்ணும் இணைந்த குளோரினின் 0.22-உம் ஒன்றாக அமைந்தது தற்செயல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு நெறிகள், பிஎச் 8-க்குக் குறைந்த நீரில் குளோரின் குறைந்தது 30 நிமிடம் தொடர்பில் இருந்த பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது கட்டற்ற குளோரின் எஞ்ச வேண்டும் என்றும், பயன்படுத்துபவரின் குழாயில் அது 0.2-க்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. தொட்டியில் உங்கள் உண்மை அளவு 0.76, அங்கே குறையில்லை. கடைசி வீட்டில் 0.08 என்பது போதாது. அந்த வீட்டுக்காரரின் ஸ்ட்ரிப் சொன்ன பூச்சியம், உங்கள் மீட்டர் சொன்ன 0.30-ஐவிட உண்மைக்கு அருகில் இருந்திருக்கிறது. அது தற்செயலாகச் சரியானதே தவிர, அதன் திறமையால் அன்று.

இதில் நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது. கரைந்த மாங்கனீசு ஒரு மில்லிகிராமை ஆக்சிஜனேற்றம் செய்ய ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் குளோரின் செலவாகும். அப்படிச் செலவான குளோரினின் ஆக்சிஜனேற்றத் திறன் மாங்கனீசிடம் போய்ச் சேர்கிறது. டிபிடியோ அதை மாங்கனீசிடமிருந்து வாங்கிச் சிவப்பாகக் காட்டிவிடுகிறது. அதாவது வழியில் செலவான குளோரின் செலவே ஆகாதது போல மீட்டரில் வந்து நிற்கும். உங்கள் 0.22-ஐ மாங்கனீசாக மாற்றினால் லிட்டருக்குச் சுமார் 0.17 மில்லிகிராம் வரும். கிணற்றில் உள்ள 0.31-ல் ஒரு பங்கு குழாயில் படிந்து, ஒரு பங்கு இன்னும் வினைபுரியாமல் இருக்கிறது என்று கொண்டால் பொருந்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மாங்கனீசுக்கு 0.08 மில்லிகிராம் என்று தற்காலிக வழிகாட்டு மதிப்பு வெளியிட்டிருப்பதால், குளோரினை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இது கவனிக்க வேண்டிய அளவுதான்.

மறுமொழி – குழாயடி

இப்போது என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். உடனடியாகக் கடைசி வீட்டு நீரைக் கிருமிச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்தப் பக்கத்தவர்கள் கொதிக்க வைத்துக் குடிக்கட்டும். குழாய்ப் பாதையை இரவில் வேகமாக ஓட விட்டுக் கறுப்புக் கசடை வெளியேற்றுங்கள். பாதி குளோரினைத் தின்பது அந்தக் கசடும் அதன்மேல் படர்ந்த படலமும்தான்.

அதுவரை கலக்கும் அளவைச் சற்றுக் கூட்டலாம். கணக்கு எளிது: 1,000 லிட்டர் நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கூட வேண்டுமென்றால் ஒரு கிராம் குளோரின் வேண்டும். 10,000 லிட்டரில் 0.3 கூட்ட 3 கிராம். உங்கள் ஹைப்போகுளோரைட் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் குளோரின் இருந்தால் அது 60 மில்லிலிட்டர். ஆனால் கேனில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். வெயிலிலும் சூட்டிலும் இருந்த கரைசல் நாளாக நாளாக வலிமை இழந்துகொண்டே இருக்கும். கூட்டிய பின் தொட்டி வெளிவாயிலில் அளந்து பார்த்துத்தான் பம்பைத் திருப்ப வேண்டும்.

பம்பு கட்டுமீறி அதிகம் கலந்துவிட்டால் ஓர் ஏமாற்று நடக்கும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் சிவப்பு தோன்றிய கணமே வெளுத்துப் போகும். மீட்டர் பூச்சியத்துக்கு அருகே காட்டும். நான் பணியில் இருந்த நாள்களில் ஒரு இரவுப் பணியாளர் அதைப் பார்த்துவிட்டுக் குளோரின் இல்லை என்று இன்னும் திறந்துவிட்டார். மாத்திரை விழும்போது குப்பியையே பாருங்கள். ஒரு சிவப்பு மின்னி மறைந்தால், குளோரின் இல்லாத நீரை ஒன்பது மடங்கு சேர்த்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, மறுபடி அளந்து, பத்தால் பெருக்குங்கள்.

நிலையான தீர்வு மாங்கனீசைக் கிணற்றடியிலேயே பிடிப்பதுதான். மாங்கனீசு டைஆக்சைடு பூசிய வடிகட்டி மணல் கிடைக்கிறது. குளோரினின் ஒரு பகுதியை வடிகட்டிக்கு முன்பே கலந்தால் அந்த மணலின் மேல் மாங்கனீசு வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து அங்கேயே தங்கிவிடும்.

மறுமொழி – துளிக்கணக்கு

மீட்டரைச் சரிபார்ப்பது பற்றிக் கேட்கப் போகிறீர்கள் என்று எதிர்பார்த்து எழுதுகிறேன். மீட்டரோடு வரும் வண்ணக் குப்பிகள் ஒளி அளக்கும் பகுதியை மட்டும் சரிபார்க்கும். பழைய மாத்திரையின் பழுதை அவை காட்டா. இரண்டையும் சேர்த்துச் சோதிக்க ஆய்வகங்களில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பயன்படுத்துவோம். அதை லிட்டருக்கு 0.891 கிராம் என்று கரைத்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்து, அதில் 1 மில்லிலிட்டரை எடுத்து 100 மில்லிலிட்டராக்கினால், டிபிடி அதை லிட்டருக்கு 1.00 மில்லிகிராம் குளோரினாகக் காட்ட வேண்டும். குளோரின் கரைசலைப் போல அது விரைவில் வலிமை இழக்காது என்பதே அதன் வசதி. உங்களை இத்தனை நாள் ஏமாற்றிய அதே மாங்கனீசு, வேறொரு வடிவில் எங்களுக்கு எடைக்கல்லாக உதவுகிறது.

மறுமொழி – நீர்க்காவலன்

மூன்று வாரம் கழித்து நிலவரம். கிருமிச் சோதனையில் குறை இல்லை என்று முடிவு வந்தது. அதுவரை எல்லோரும் கொதிக்க வைத்தே குடித்தார்கள். குழாய்ப் பாதையை மூன்று இரவுகள் ஓட விட்டோம். முதல் இரவு வந்த நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. தொட்டி வெளிவாயிலில் மீட்டர் இப்போது 1.10 காட்டுமாறு பம்பை வைத்திருக்கிறேன். ஆய்வகத்தவர் மறுபடி வந்து பார்த்ததில், கடைசிக் குழாயில் மீட்டர் காட்டியது 0.48, மாங்கனீசின் பங்கு 0.20, ஆக உண்மை 0.28. நெடி குறைந்திருப்பதாக வீட்டுக்காரரும் சொல்கிறார்.

ஆனால் அதே நாள் விடியற்காலையில், யாரும் குழாய் திறப்பதற்கு முன், ஓட விடாமல் பிடித்த முதல் நீரையும் அவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். மீட்டர் 0.24, மாங்கனீசு 0.21; மிச்சம் 0.03. குறிப்பேட்டில் இப்போது காட்டியது, மாங்கனீசு, உண்மை என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. இந்த 0.03-ஐ எந்த வரிசையில் எழுதுவது?

மறுமொழி – குழாயடி

தனி வரிசையில், "இரவு தேங்கிய நீர்" என்று எழுதுங்கள். ஓட விட்டுப் பிடிப்பது பொதுக் குழாயின் நிலையைச் சொல்லும். முதல் நீர் அந்த வீட்டுக் குழாய்க்குள் இரவெல்லாம் நடந்ததைச் சொல்லும். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் அடுத்த மாதம் நீங்களே குழம்பிப்போவீர்கள். கடைக்கோடியில் ஒரு கழிவு வால்வு வைத்து நாள்தோறும் விடியலில் சிறிது நேரம் திறந்துவிட்டால், பொதுக் குழாயில் தேங்கியது கசடோடு போய்விடும். வீட்டுக்குள் தேங்கியதை அவர்கள் காலையில் ஒரு வாளி பிடித்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும். புதிய மணல் போட்ட பிறகு வெற்றுச் சோதனை எண் தொடர்ந்து பூச்சியமாக வரும்வரை ஆய்வகத்தவரை விட்டுவிடாதீர்கள்.